வளையின் மூன்றாவது வாய்

ராத்திரி பத்து மணிக்கு மேல் எங்கள் வீட்டுக் கொல்லையில் யாரோ தேங்காய் துருவுகிறார்கள், மேடம்.

இப்படித் தொடங்கினால் நீங்கள் தாளைக் கீழே வைத்துவிடுவீர்கள் என்று தெரியும். ஆனாலும் எனக்கு இங்கிருந்துதான் தொடங்க வருகிறது. இன்றோடு பதினோரு நாள். கர்க், கர்க் என்று நிதானமாக, அவசரமே இல்லாமல், ஒரு மூடியைத் துருவி முடித்துவிட்டு அடுத்த மூடியை எடுக்கிற மாதிரி. முதல் நாள் அத்தைதான் என்று நினைத்தேன். இந்த நேரத்தில் எதற்குத் தேங்காய் என்று எழுந்து பார்த்தால், அத்தை கூடத்தில் நல்ல தூக்கத்தில் இருக்கிறார்கள். துருவல் நிற்கவில்லை. அப்புறம், காய்ந்த வாகை நெற்றுக் கொத்தை யாரோ பிடித்து உலுக்கியது போல ஒரு சலசலப்பு. அந்த இரண்டாவது சத்தம் கேட்டதும் சன்னலைச் சாத்தினேன். அது என்னவென்று எனக்குத் தெரியும்.

என் பெயர் சண்முகவடிவு. வயது இருபத்து நான்கு. இன்று பகலில் நீங்கள் வனத்துறை ஜீப்பில் வந்தபோது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றது நான்தான். எங்கள் தோப்புக் காவல்காரர் வேலாண்டியின் குடிசைக் கூரையில் இருந்து முள்ளம்பன்றி முள்ளுக் கட்டை உங்கள் ஆட்கள் உருவி எடுத்தார்கள். நாற்பத்தாறு முள் என்று ஒருவர் சொல்ல, நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். உங்கள் தாளின் தலைப்பில் இங்கிலீஷில் எழுதியிருந்ததை நான் தலைகீழாகவே படித்துவிட்டேன். ஹிஸ்ட்ரிக்ஸ் இண்டிகா. வாயைத் திறந்து சொல்லியும்விட்டேன். நீங்கள் நிமிர்ந்து பார்த்தீர்கள். பிறகு இந்த வெள்ளைத் தாள்களைக் கொடுத்து, உங்களுக்குத் தெரிந்ததை எழுதி வையுங்கள், நாளைக் காலையில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றீர்கள்.

எனக்குத் தெரிந்தது அந்தப் பெயர் மட்டும்தான் மேடம். பெருமைக்காகச் சொல்லவில்லை, பாளையங்கோட்டையில் கன்னியர் பள்ளி விடுதியில் பிளஸ் டூ வரை படித்தவள் நான். விலங்கியலில் பள்ளியிலேயே முதல் மார்க். கொறிக்கும் பிராணிகளின் வரிசை, ஹிஸ்ட்ரிசிடே குடும்பம், ஹிஸ்ட்ரிக்ஸ் பேரினம், இண்டிகா சிற்றினம். சிஸ்டர் பெர்னதெத் என்னை மேடையேற்றிச் சொல்லச் சொல்வார்கள், நான் மூச்சு விடாமல் சொல்வேன். நாங்கள் பன்றி பன்றி என்கிறோமே, அது பன்றியே இல்லை. எலிக்கும் அணிலுக்கும் தூரத்துச் சொந்தம். முள்ளை எய்யாது, அது வெறும் கதை. கோபம் வந்தால் வாலை உலுக்கும். வால் முள் உள்ளே கூடாக இருப்பதால் சலசலக்கும். அப்படியும் விடாவிட்டால் திரும்பி நின்று பின்பக்கமாகவே ஓடிவந்து குத்தும். ஆணும் பெண்ணும் ஒரே ஜோடியாக, ஒரே வளையில், குட்டியை நடுவில் போட்டுப் படுக்கும். ஆணும் காவல் இருக்கும். இதைப் படித்தபோது விடுதியில் நாங்கள் எல்லோரும் சிரித்தோம். எங்கள் வீட்டில் ஆதிரைக்கு இழுப்பு வந்தால் என் வீட்டுக்காரர் மாடிக்குப் போய்ப் படுத்துக்கொள்வார். பாவம், விடியும் முன்னே தண்ணீர் பாய்ச்ச எழுந்திருக்க வேண்டும் இல்லையா.

ஆதிரை என் மகள். பதினாலு மாதம். பிறந்த நாளில் இருந்தே சளி. மூன்று மாதமாக இழுப்பு. தென்காசியில் டாக்டர் புகை மருந்து வைக்கச் சொன்னார், முகத்தில் மூடி போட்டு வைக்கிறது. வைத்தால் கேட்கும். ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு இந்தத் தோப்புக்குள் இருந்து தென்காசிக்கு எப்படிப் போவது? அந்த நேரத்தில் அவள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காற்றைத் தேடுவாள். விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரியும். அழக்கூட மூச்சு இருக்காது. அழாமல் என்னையே பார்ப்பாள். அந்தப் பார்வையைப் பார்த்தவர்கள்தான் மேற்கொண்டு நான் எழுதுவதைப் படிக்க வேண்டும். உங்களுக்குப் பிள்ளை உண்டா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

முள்ளம்பன்றி இரைப்பையைக் காயவைத்து வறுத்துப் பொடித்துத் தேனில் கொடுத்தால் இழுப்பு ஓடிப்போகும் என்பது அத்தை வீட்டு வைத்தியம். இவருக்கும் சின்னதில் கொடுத்தார்களாம். நான் முடியாது என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அது எலி வகை அத்தை, என்றேன். அத்தைக்கு முகம் சுருங்கிவிட்டது. பிறகு தெளிந்து, "நீ படிச்ச எலி வேற, நாங்க அறுத்த பன்னி வேற" என்றார்கள். 

வேலாண்டியை அழைத்துப் பிடித்துத் தரச் சொன்னார்கள். இதை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள் மேடம். அவர் மலையில் இருந்து இறங்கி வந்த மனிதர். தலையணை அணைக்கட்டுக்கு மேலே அவர் ஆட்கள் இருக்கிறார்கள். பதினைந்து வருடமாக இங்கே தனி ஆளாகக் காவல். முள்ளம்பன்றி எந்தப் பக்கம் வரும், எந்தத் தென்னங்கன்றைக் கடிக்கும் என்று அவருக்கு அத்துப்படி. அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "இப்ப குட்டியோட கெடக்கு ஆச்சி, வேண்டாம்" என்றார். அத்தை விடவில்லை. பிள்ளை மூச்சு பெரிசா குட்டி பெரிசா என்று கேட்டார்கள். வேலாண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. இருமி முடித்து, "நான் சின்னதுல அந்த இரைப்பையைத் தின்னே வளந்தவன் ஆச்சி. எனக்கு ஏன் இப்படி இழுக்கு?" என்றார். நான் உள்ளே நின்று சிரித்தேன். அத்தைக்குச் சிரிப்பு வரவில்லை. பீடி குடிச்சா இழுக்காம என்ன செய்யும் என்று அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் இவர் பக்கத்து ஊரில் இருந்து ஓர் ஆளைக் கூட்டிவந்தார். வலையும் இரண்டு நாயுமாக வந்தான். பெயர் தெரியாது. வடக்கு வரப்புக்கு அந்தப் பக்கம், பாறைக்கடியில் வளை. முதல் நாள் வாயில் வலையைக் கட்டி, மிளகாய் வற்றலும் வைக்கோலும் போட்டுப் புகை போட்டார்கள். ஒன்றும் வரவில்லை. இவர் ராத்திரி சாப்பிட உட்கார்ந்து, அந்த ஆளை வாய்க்கு வந்தபடி ஏசினார். ஆதிரை என் தோளில் கிடந்து இழுத்துக்கொண்டிருந்தாள். நான் ரசத்தை ஊற்றினேன். அவ்வளவுதான். நான் பெயரை மட்டும்தான் சொன்னேன்.

மேலே உள்ள வரியை அடிக்கலாம் என்று பார்த்தேன். அடித்தால் அழித்து எழுதினேன் என்பீர்கள். அது அப்படியே இருக்கட்டும். ஆனால் அது சரி இல்லை.

ரசத்தை ஊற்றிக்கொண்டே, ஹிஸ்ட்ரிசிடே குடும்பத்து வளைக்கு ஒரு வாய் மட்டும் இருக்காது என்று சொன்னேன். தப்பிக்கிறதுக்கு என்று பின்னால் இன்னொன்று வைத்திருக்கும், அதை முதலில் அடைக்க வேண்டும் என்றேன். இவர் கையில் இருந்த சோற்றைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கல்யாணமாகி மூன்று வருடத்தில் இவர் என் பேச்சை அப்படிக் கேட்டதில்லை. "எவ்வளவு தூரத்துல இருக்கும்?" என்றார். பதினைந்து இருபது அடி, புதர் மறைவாக இருக்கும், புது மண் கிடக்கும் என்றேன். சிஸ்டர் படம் போட்டுக் காட்டியது அப்படியே கண்ணுக்குள் இருந்தது. கரும்பலகையில் வரைந்த மாதிரி வரிசையாகச் சொன்னேன். அந்தப் பொடியை நான் நம்பவில்லை, மேடம். நம்பாமலேதான் சொன்னேன். கேட்டார், தெரியும், சொன்னேன்.

மறுநாள் விடியும் முன்னே சாக்கோடு வந்தார்கள். பின்வாய் ஒரு மொட்டைப் பனைக்குப் பக்கத்தில் இருந்ததாம். பெரிய கல்லாக வைத்து அடைத்திருக்கிறார்கள். சாக்கை அவிழ்த்துக் கொட்டியபோது பெரியது ஒன்று. அதற்குப் பக்கத்தில் சின்னது, தேங்காய் நெற்றளவு. அதன் முள் இன்னும் சரியாக விறைக்கவில்லை, தொட்டால் மடங்கியது. புகையிலேயே போயிருக்கிறது. கண் திறந்திருந்தது. வாயும் திறந்திருந்தது. அந்த வாயை நான் முன்னே எங்கே பார்த்திருக்கிறேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

வேலாண்டி அன்றைக்கு இங்கே இல்லை. அவர் அக்காள் மகள் சடங்குக்கு மலைக்குப் போயிருந்தார். போவதற்கு இவரே லீவு கொடுத்தார். இவர் வேண்டுமென்று கொடுத்தாரா, தற்செயலா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதவில்லை.

பொடியை அத்தை கொடுத்தார்கள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இல்லை. நான்தான் கொடுத்தேன். விரலில் தொட்டு, தேனில் குழைத்து, நாக்கில் வைத்தேன். மூன்று நாள் ஆதிரை நன்றாகத் தூங்கினாள். நான்காம் நாள் பழையபடி இழுத்தது. வாடகைக் காரைப் பிடித்துத் தென்காசிக்கு ஓடினோம், புகை மருந்து வைத்தார்கள். மூன்று நாள் தூங்கியது பொடியால், நான்காம் நாள் இழுத்தது நான் தலைக்கு எண்ணெய் வைத்ததால் என்று அத்தை சொல்கிறார்கள். இருக்கலாம்.

இப்போது முள்ளுக்கு வருகிறேன். நீங்கள் கேட்டதே அதைப் பற்றித்தான்.

முள்ளம்பன்றி முள் வீட்டில் கிடந்தால் அந்த வீட்டில் சண்டை ஓயாது என்பார்கள், நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்கள் அத்தைக்கு அதில் அப்படி ஒரு பயம். அறுத்த இடத்தில் ஒரு முள் விடாமல் பொறுக்கினார்கள். பின்வாசலைப் பெருக்கி, பெருக்கியதையும் மறுபடி ஒருமுறை விரலால் துழாவினார்கள். எரித்துவிடலாம் என்றேன். எரித்தால் நாறும், ஆள் சேரும் என்றார்கள். கிணற்றில் போடக் கூடாது, குடிக்கிற தண்ணீர். வரப்பில் எறிந்தால் ஆட்கள் காலில் ஏறும். கடைசியில் பழைய தாவணியில் கட்டி, வேலாண்டி குடிசைக் கூரையில் அத்தையே செருகிவிட்டு வந்தார்கள். நான் ஏன் அங்கே என்று கேட்டேன். "அவன் ஒத்தை ஆளு. அந்த வீட்டுல சண்டை போட யாரு இருக்கா?" என்றார்கள்.

கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, மேடம். அவர்கள் கணக்கில் அது யாருக்கும் தீங்கில்லாத இடம். அந்தத் தாவணி என்னுடையது, பள்ளியில் படிக்கும்போது கட்டியது. நீல நிறம், ஓரத்தில் வெள்ளைப் பூ வேலை. உங்கள் ஆபீசில் இருக்கிறது. அவிழ்த்துப் பாருங்கள், மூலையில் என் விடுதி நம்பர் சிவப்பு நூலில் தைத்திருக்கும், நாற்பத்தொன்று.

எலும்பை எருக்குழிக்குப் பின்னால் புதைத்தார்கள். ஆழமாகப் புதைக்கவில்லை.

அதற்கு மறுநாள் ராத்திரியில் இருந்துதான் துருவல். காலையில் போய்ப் பார்த்தேன். மண் கிளறிக் கிடந்தது. எலும்பில் வரிவரியாகப் பல்தடம். ஹிஸ்ட்ரிக்ஸ் இண்டிகா எலும்பைக் கொறிக்கும், அதன் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், தேய்க்க வேண்டும், சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். பாடத்தில் இருக்கிறது. பரீட்சையில் நான்கு மார்க். அது எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த எலும்பு யாருடைய எலும்பு என்று அதற்குத் தெரியுமா, தெரியாதா? அது எங்கள் பாடத்தில் இல்லை. தெரிந்துகொண்டே கொறிக்கிறதா? நான் நாற்பது தடவை யோசித்துவிட்டேன்.

ஜோடியில் ஒன்று தப்பித்தது எப்படி என்று பார்க்க வடக்கு வரப்புக்குப் போனேன். பாறையில் இருந்து நல்ல தூரம் தள்ளி, கள்ளிக்கு அடியில், மூன்றாவது ஒரு வாய் இருந்தது. அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கு ரசம் ஊற்றும்போது அதையும் சொல்லியிருப்பேன். 

தப்பித்தது தாயா தகப்பனா என்று தெரியவில்லை. நான் தாய் என்றுதான் வைத்திருக்கிறேன். முதல் நான்கு நாள் எருக்குழியோடு நின்றது. அப்புறம் துவைகல் வரை வந்தது. முந்தாநாள் இந்த அறைச் சன்னலுக்குக் கீழே வந்து வாலை உலுக்கியது. ஆதிரை விழித்து எழுந்து உட்கார்ந்தாள். அழவில்லை. சுவரையே பார்த்தாள். நான் அவள் காதைப் பொத்திக்கொண்டு பெயரைச் சொன்னேன். வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம். மற்றவர்கள் இந்த மாதிரி நேரத்தில் சாமி பெயரைச் சொல்வார்கள். எனக்கு அதுதான் வாயில் வந்தது. சொல்லச் சொல்ல அது வெளியே நின்று கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. அது வாய் திறந்து குட்டியைக் கேட்டால் நான் என்ன சொல்வேன்? இவரிடம் சொன்னேன், ஒன்றுக்கு ஒன்று என்று வந்திருக்கிறது என்று. படிச்சவ மாதிரியா பேசுதே என்று சிரித்தார். ஆளை மறுபடி கூப்பிட்டு அதையும் முடித்துவிடலாம் என்றார். நான் வேண்டாம் என்று காலில் விழாத குறை.

இன்று நீங்கள் போன பிறகு இவர் ஒரு நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும், அப்படியே பார்த்து எழுதிரு, ஒரு எழுத்து மாற்றாதே என்றார். எங்கள் காவல்காரர் வேலாண்டி முள்ளம்பன்றி அடித்து வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன், நாங்கள் கண்டித்தும் கேட்கவில்லை என்று இருந்தது. நான் வாசித்துவிட்டுத் தாளைக் கீழே வைத்தேன். இவர் சத்தம் போடவில்லை. சத்தம் போடுகிறவர் இல்லை. "அவனுக்கு யாரு இருக்கா வடிவு? உள்ள இருந்தா சோறாவது கிடைக்கும். நான் போனா பிள்ளையை யாரு தென்காசிக்குத் தூக்கிட்டு ஓடுவா?" என்றார். நியாயமாகத்தான் பட்டது. அன்றைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது நானும் கார் டிரைவரும்தான், ஆனாலும் கார் சொல்லிவிட்டது இவர்தானே.

அதைப் பார்த்து எழுதவும் ஆரம்பித்தேன். முதல் தாள் அதுதான், அடுப்பில் போட்டுவிட்டேன், கணக்கில் ஒரு தாள் குறையும், மன்னித்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்தேன் என்கிற இடம் வரை வந்தேன். அதற்கு மேல் பேனா போகவில்லை.

வேலாண்டியை ஜீப்பில் ஏற்றும்போது நீங்கள் முன் சீட்டில் இருந்தீர்கள், கேட்டிருக்காது. அந்த முள்ளுக் கட்டைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தாவணியைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.  ஏறி உட்கார்ந்துவிட்டு என் பக்கம் திரும்பி, "பாப்பாவுக்கு இப்ப தேவலையா தாயி?" என்றார்.

நான் தேவலை என்றேன்.

ஆகவே நான் எழுதுவது என்னவென்றால்: முள்ளம்பன்றியை வேலாண்டி பிடிக்கவில்லை. பிடிக்கக் கூடாது என்று சொன்னார். அவர் ஊரிலேயே இல்லை. பிடித்தது என் கணவர் ஆவுடையப்பனும் பெயர் தெரியாத ஓர் ஆளும். முள்ளைக் கூரையில் வைத்தது என் மாமியார். பின்வாய் இருக்கும் இடத்தைச் சொல்லிக் கொடுத்தது நான். பொடியைக் கொடுத்தது நான். இது யாரும் சொல்லி எழுதியது இல்லை. ஆ. சண்முகவடிவு.

மேடம், ஒரு விஷயம். காலையில் வரும்போது சீக்கிரமாக வாருங்கள். கொல்லையில் வருகிறதே, அதைப் பத்திரமாகப் பிடித்துத் தூரமாகக் கொண்டுபோய் விட உங்கள் ஆபீசில் வழி இருந்தால் செய்யுங்கள். எனக்கு அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. மற்றபடி எனக்கு இங்கே ஒரு பயமும் இல்லை.

இவர் எழுந்துவிட்டார். மாடிப்படியில் கால் சத்தம். கூடத்தில் விளக்கு எரிகிறது.

எழுதியாச்சா என்று கேட்கிறார். ஆச்சு என்றேன். கொண்டா, வாசிச்சிருவோம் என்கிறார். பிள்ளை இப்போதுதான் கண் அசந்தாள், காலையில் பாருங்கள் என்றேன்.  அத்தையும் எழுந்துவிட்டார்கள் போல, இருவரும் மெதுவாகப் பேசுவது கேட்கிறது. பிறகு இவர் குரல், கதவுக்குப் பக்கத்தில், கொஞ்சம்கூட உயராமல்.

"வடிவு. நான் சொன்னபடிதானே எழுதியிருக்கே?"

இந்த அறைக்கு இரண்டு கதவு. ஒன்று கொல்லைக்கு, ஒன்று கூடத்துக்கு. கொல்லையில் துருவல் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆதிரையைத் தூக்கித் தோளில் போட்டேன். தாள்களை மடித்து அவள் சட்டைக்குள் வைத்தேன், இந்தக் கடைசித் தாளை மட்டும் கையில் வைத்திருக்கிறேன். கூடத்துக் கதவுக்குப் போனேன். நான் இந்த வீட்டுக்கு வந்த நாளில் இருந்து அந்தத் தாழ்ப்பாளை யாரும் போட்டுப் பார்த்ததில்லை. பாதி வரை வந்து துருவில் சிக்கிக்கொண்டது. உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினேன். இன்னொரு தட்டு. உள்ளே இறங்கி உட்கார்ந்தது.